பயனர் ஆய்வு என்று ஒன்று செய்தோம்

ஓய்வு பெற்ற நூலகரை யாரும் தேடி வருவதில்லை. பணியில் இருந்தபோது தேடி வந்தவர்களே குறைவு. அவர்களிலும் பாதிப் பேர் கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்க வந்தவர்கள். ஹைதராபாத்தில் ஒரு அரசு ஆய்வுக்கூடத்தின் நூலகத்தைக் கட்டி மேய்த்துவிட்டு, மாரெட்பள்ளி வீட்டில் செய்தித்தாளின் பிழைகளைப் பேனாவால் திருத்திக்கொண்டிருந்த என்னை ஒரு மென்பொருள் நிறுவனம் கார் அனுப்பி அழைத்தது. வேறு யாருக்கோ வந்த கார் என்று நினைத்து டிரைவரை இரண்டு தடவை விசாரித்தேன்.

பேகம்பேட்டின் பழைய விமான நிலையத்தில் இன்னும் விமானங்கள் இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. கணினி தெரிந்தவர்கள் மாதாப்பூரில் வேலைக்குப் போனார்கள். தெரியாதவர்கள் அமீர்பேட்டையில் அதைச் சொல்லித்தரும் பயிற்சி நிலையம் திறந்தார்கள். இரண்டிலும் சேராத என்னைப் போன்றவர்கள் அந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே போக்குவரத்து நெரிசலில் நின்றோம்.

அழைத்தவர் அந்த நிறுவனத்தின் எச்.ஆர். தலைவர். சென்னைக்காரர், கொண்டாப்பூரில் குடியிருப்பு. முப்பத்தைந்து வயதுக்குள் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டுவிட்ட களைப்பு அவர் முகத்தில் இருந்தது. நான் தமிழ் என்று தெரிந்ததும் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“சார், எங்க நாலெட்ஜ் சென்டருக்கு ஒரு யூசர் ஸ்டடி பண்ணணும். ப்ராப்பர் மெத்தடாலஜியோட.”

“பண்ணலாம். எதைத் தெரிஞ்சுக்கணும் உங்களுக்கு?”

“அந்த ரூமை யாரும் யூஸ் பண்றதில்லைன்னு.”

“அது ஏற்கெனவே தெரிஞ்சா ஆய்வு எதுக்கு?”

“எனக்குத் தெரியும் சார். ஆனா டேட்டா வேணும்.”

விஷயம் எளிமையானது. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்காகப் புதிய ஆட்களை எடுக்கிறார்கள். உட்கார வைக்க இடம் இல்லை. நூலக அறையைக் காலி செய்தால் மேசைகள் போடலாம். ஆனால் வாசலில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்த தரச் சான்றிதழின் விதிகளில் ஒன்று குறுக்கே நின்றது. ஊழியர் பயிற்சிக்கென்று உள்ள எந்த வசதியையும், அதன் பயனை முறைப்படி அளக்காமல் மூடக்கூடாது. ஆகவே அளப்பதற்கு முறை தெரிந்த ஒருவர் தேவை. பிரேதத்துக்குச் சான்றிதழ் எழுத மருத்துவர் வேண்டியிருக்கிறது அல்லவா, அப்படி.

அரசாங்கத்திலும் முடிவை எழுதி வைத்துக்கொண்டுதான் ஆய்வைத் தொடங்குவோம். ஆனால் எழுதிய முடிவை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டும் நாகரிகம் எங்களிடம் இருந்தது. இந்தத் தலைமுறை அதை மேசை மேலேயே வைத்துக்கொண்டு காபி கொடுத்தது.

ஒப்புக்கொண்டேன். ஆய்வு முறையியல் தாளில் நான் வாங்கிய முதல் வகுப்பு, பணிக்காலம் முழுவதும் ஒரு தடவைகூட வெளியே வந்ததில்லை. கூட்டத்திலிருந்து சிலரை மாதிரியாக எடுப்பது, வினாநிரல் தயாரிப்பது, பங்கேற்காமல் அவதானிப்பது என்று எல்லாம் பரணில் கிடந்தன. சாவதற்குள் ஒரு முறையாவது எடுத்துத் துடைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

அறையைப் பார்க்கப் போனேன். ஆறு அலமாரிகள், நீள மேசைகள், மற்ற தளங்களைவிடச் சற்றே குறைவாகக் குளிரும் ஏ.சி. அதைக் கவனித்துக்கொண்டிருந்தவர் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். நூலகவியல் படித்தவர். அவருடைய முப்பாட்டனார் வட ஆற்காட்டிலிருந்து லாலாகூடா ரயில்வே பணிமனைக்கு வேலைக்கு வந்தவராம். அதன் பிறகு அந்தக் குடும்பத்துத் தமிழில் ஒவ்வொரு தலைமுறையும் கொஞ்சம் தக்காணத்தைக் கலந்துகொண்டே வந்திருந்தது.

என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். வணக்கம் சொல்லவில்லை.

“நீங்கதானா சார், என் ரூமை மூட வந்தவரு?”

“ஆய்வு பண்ண வந்திருக்கேன்மா.”

“ஹவ் சார், ஆமா. பக்ரீத் ஆட்டைக்கூட முதல்ல தடவிக் குடுத்துத்தான் பாப்பாங்க.”

அவர் ஒப்பந்தப் பணியாளர். ஒப்பந்தம் என் அறிக்கை வரும் மாதத்தோடு முடிகிறது. அறை இருந்தால் ஒப்பந்தம் நீளும், அறை போனால் அவரும் போக வேண்டியதுதான். கணவர் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டிருந்தார்கள். இரண்டு பெண்கள் பள்ளிக்கூடத்தில். இவ்வளவையும் முதல் நாளே என்னிடம் சொன்னார். பரிதாபம் தேடி அல்ல. நான் எதை அளக்க வந்திருக்கிறேனோ அதில் இதுவும் அடக்கம் என்ற தகவலாகச் சொன்னார். என் பாடப்புத்தகங்களில் அந்த மாறிக்குப் பெயர் இல்லை.

முதலில் வினாநிரல். கேள்வி பதிலைத் தூண்டக்கூடாது, ஒரே கேள்வியில் இரண்டைக் கேட்கக்கூடாது, சிறு குழுவிடம் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று விதிப்படி ஒரு வாரம் உழைத்துத் தயாரித்தேன். எச்.ஆர். துறையினர் அதை வாங்கி நிறுவனத்தின் உள்வலையில் ஏற்றினார்கள். ஏற்றியவர் இரக்கமுள்ளவர். ஊழியர்களுக்கு விரல் வலிக்கக்கூடாதே என்று ஒவ்வொரு கேள்விக்கும் முதல் விடையான ‘மிகவும் திருப்தி’யை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைத்திருந்தார். இன்னொருவர் அதைவிடக் கடமையுணர்ச்சி உள்ளவர். வினாநிரலை அனுப்பாமல் அன்றைய வேலை நேரப் பதிவு திறக்காதபடி செய்துவிட்டார்.

பதில்கள் கொட்டின. விடுப்பில் இருந்தவர்களைத் தவிர அத்தனை பேரும் பதில் அனுப்பியிருந்தார்கள். அத்தனை பேருக்கும் நூலகத்தில் மிகவும் திருப்தி. புனே கிளையில் இருந்தவர்களுக்கும் மிகவும் திருப்தி. புனே கிளையில் நூலகமே கிடையாது. ‘மேம்படுத்த வேண்டியவை’ என்ற பகுதியில் சிலர் மட்டும் எழுதியிருந்தார்கள். கான்டீன் சாம்பாரில் உப்பு அதிகம் என்றார் ஒருவர். இரவுப் பணிக்கு வரும் கார் தாமதமாகிறது என்றார் இன்னொருவர்.

நூலகருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

“சார், எல்லாம் மிகவும் திருப்தி! அவ்வளவுதானே? முடிஞ்சுது இல்ல?”

“இல்லம்மா. இந்த முடிவு செல்லாது. விடையை முன்னாடியே குறிச்சு வெச்சுட்டாங்க.”

“அவங்க குறிச்சது அவங்க தப்பு. எனக்குச் சாதகமா வந்தா மட்டும் செல்லாதா? கைக்கு சார், ஏன்?”

எச்.ஆர். தலைவரிடம் போனேன். அதுவரை ஆய்வு முறை பற்றி எந்தக் கவலையும் இல்லாதிருந்தவர், முடிவைப் பார்த்த மறுகணம் பெரிய முறையியலாளராக மாறிவிட்டார். மாதிரி சரியில்லை, கருவி சரியில்லை, ஒருதலைச்சார்பு இருக்கிறது என்று என் பேராசிரியரே வியக்கும்படி அடுக்கினார். எண் நமக்கு எதிராக வரும்போது நம் எல்லோருக்குமே கல்வி வந்துவிடுகிறது.

“வேற மெத்தட் ட்ரை பண்ணுங்க சார்.”

வேறு முறையும் இருந்தது. ஒவ்வொரு புத்தகத்தின் மேல் விளிம்பிலும் ஒரு சிறு காகிதத் துண்டை, வெளியே துளி தெரியும்படி செருகி வைப்பது. யாராவது புத்தகத்தை எடுத்தால் துண்டு விழும் அல்லது நகரும். படிப்பவரைத் தொந்தரவு செய்யாமல் அளக்கும் முறை என்று பாடம் புகழும். நானும் நூலகரும் உட்கார்ந்து காகிதம் கத்தரித்துச் செருகினோம். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் ஒரு துண்டுகூட இல்லை. வாடிக்கையாளர் வருகை என்று துப்புரவுக் குழு முந்தைய நாள் வந்து, புத்தகங்களுக்குள் குப்பை நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு பதறி, அத்தனையையும் பிடுங்கிவிட்டது. முறைப்படி பார்த்தால் அந்த நூலகத்தின் ஒவ்வொரு புத்தகமும் ஒரே நாளில் படிக்கப்பட்டிருந்தது. நிறுவனத்தின் பழைய ஆண்டறிக்கைத் தொகுதிகள் உட்பட.

“இதையும் செல்லாதுன்னு சொல்லிடுவீங்களா?” என்று கேட்டார் நூலகர்.

“சொல்லணும்மா.”

“உங்க படிப்புல செல்லும்னு எதையாவது சொல்லிக் குடுத்தாங்களா சார்?”

மிச்சம் இருந்தது கண். மூலையில் ஒரு நாற்காலி போட்டு, செய்தித்தாளை விரித்துக்கொண்டு, பார்க்காதவன்போலப் பார்க்கத் தொடங்கினேன். இதற்குப் பெயர் பங்கேற்பில்லா அவதானிப்பு. கல்யாண வீடுகளில் இதை நாம் சம்பளம் இல்லாமல் செய்கிறோம்.

அறைக்கு ஆட்கள் வந்தார்கள். எச்.ஆர். தலைவர் நினைத்ததைவிட நிறையவே வந்தார்கள். சிலர் தூங்க வந்தார்கள். தலையை மேசையில் வைக்காமல், திறந்த புத்தகத்தின் முன் நிமிர்ந்து உட்கார்ந்தே தூங்கும் பயிற்சி அவர்களுக்குக் கைவந்திருந்தது. சிலர் வீட்டுக்குத் தொலைபேச வந்தார்கள். ‘அமைதி காக்கவும்’ என்ற பலகையின் கீழே நின்று தெலுங்கு, தமிழ், ஒடியா, வங்காளம் என்று எல்லா மொழியிலும் ஒரே உரையாடலை நடத்தினார்கள்: சாப்பிட்டாயிற்று, உடம்புக்கு ஒன்றுமில்லை, இந்த மாதமும் வர முடியாது.

மூன்றாவது வகையினர்தான் என்னைக் கவர்ந்தவர்கள். நிறுவனத்தின் தரக் கையேட்டை அவர்கள் கண்ணிமைக்காமல் படித்தார்கள். அந்தக் கையேட்டை எழுதியவரே அதை அவ்வளவு ஆழ்ந்து படித்திருக்க மாட்டார். தண்ணீர் குடிக்கப் போகிறவன்போல அவர்கள் முதுகுப் பக்கமாக நடந்து பார்த்தேன். கையேட்டுக்குள் இன்னொரு புத்தகம் இருந்தது. நேர்முகத் தேர்வில் கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும். அந்த வகைப் புத்தகங்களை அடுக்கியிருந்த அலமாரியில்தான் முதுகு கிழிந்தவை எல்லாம் இருந்தன. மற்ற அலமாரிகள் புதுக்கருக்கு மாறாமல் இருந்தன. இந்த நிறுவனத்தில் வேலை செய்வது எப்படி என்று கற்றுத்தரும் புத்தகங்கள் அவை.

இதை அப்படியே இடைக்கால அறிக்கையாக எழுதிக் கொடுத்தேன். அறை பயன்படுகிறது, பயன் இன்னது என்று. எழுதியபோது, மூடுவதற்கான காரணம் போய்விட்டது என்றுதான் எண்ணினேன். புத்தகங்களோடு காலம் தள்ளியவனுக்கு மனிதர்களைப் பற்றி அவ்வளவுதான் தெரியும்.

எச்.ஆர். தலைவர் அறிக்கையைப் படித்தார். நிமிர்ந்தபோது அவர் கண்ணில் களைப்பு இல்லை. அந்த ஆண்டு அந்த ஊரில் எல்லா நிறுவனங்களுக்கும் இருந்த ஒரே நோய், ஆட்கள் எதிர்க் கட்டடத்துக்குத் தாவுவது. தாவுகிறவர்கள் எங்கே உட்கார்ந்து தயாராகிறார்கள் என்று நான் காட்டிக்கொடுத்திருந்தேன். அன்றே தன் குழுவில் ஒருவரை அழைத்து, புத்தக இரவல் பதிவுகளையும் ராஜினாமாக்களையும் சேர்த்து வைத்து ஒரு வரைபடம் போடச் சொன்னார். இரண்டு கோடுகளும் கைகோத்துக்கொண்டு ஏறின.

“பார்த்தீங்களா சார்! லைப்ரரிதான் ரூட் காஸ்.”

“ரெண்டும் சேர்ந்து ஏறினா ஒண்ணு இன்னொண்ணுக்குக் காரணம்னு ஆயிடாது. ஜனங்க குடை எடுத்துட்டுப் போறதாலதான் மழை வருதுன்னு சொல்ற மாதிரி இருக்கு.”

“சரி சார், மழை எதனால வந்தா எனக்கென்ன? எவன் குடை எடுத்துட்டுக் கிளம்புறான்னு தெரிஞ்சா போதும்.”

என் பாடத்தில் நான் சரி. அவர் வேலையில் அவர் சரி.

மறுநாள் நூலகரையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். அறையை மூட வேண்டாம். புதிய மேசைகளுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். நூலகரின் ஒப்பந்தத்தை எடுத்துவிட்டு நிரந்தரப் பணியாக்கவும் தான் பரிந்துரைப்பதாகச் சொன்னார். ஒரே ஒரு சிறு வேலை. நேர்முகத் தேர்வு, வெளிநாட்டுப் படிப்பு சம்பந்தமான புத்தகங்களை அந்த வாரம் இரவல் வாங்கியவர்கள் யார் யார் என்று வெள்ளிக்கிழமைதோறும் தனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும்.

“பெரிய ஒர்க் ஒண்ணும் இல்ல மேடம். சிஸ்டத்துலயே இருக்கு, எடுத்து அனுப்பிட்டா போதும்.”

நூலகர் தலையாட்டிவிட்டு வந்தார். அறைக்குத் திரும்பியதும் கதவைச் சாத்தினார்.

“நான் என்ன சார் சி.ஐ.டி.யா? காலையில வந்து ‘குட்மார்னிங் மேடம்’னு சொல்லிட்டு ஒருத்தன் புக் கேக்குறான். நான் சிரிச்சுக்கிட்டே குடுத்துட்டு, அந்தாண்ட போய் அவன் பேரை எழுதி அனுப்பணுமா?”

“பேர் போனா என்ன ஆகும்?”

“என்ன ஆகும்? ஆன்சைட்னு ஃபாரின் போறவன் போமாட்டான். ரேட்டிங் விழும். ஏன்னு அவனுக்குத் தெரியவே தெரியாது.” நாற்காலியில் உட்கார்ந்தார். “நக்கோ, வேணாம்னு சொன்னா ரூம் போயிடும், நானும் போயிடுவேன். ஹவ்ன்னு சொன்னா இந்தப் பசங்க மூஞ்சில எப்படி சார் முழிக்கிறது?”

வாசகர் எதைப் படிக்கிறார் என்பது வாசகருக்கும் நூலகத்துக்கும் இடையிலான விஷயம், மூன்றாமவருக்குச் சொல்லலாகாது என்று தொழில்நெறியில் ஒரு பக்கம் உண்டு. தேர்வில் ஒருபோதும் கேட்காததால் எல்லோரும் தாண்டிப் போகும் பக்கம். அதை அவருக்கு எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“நல்லாயிருக்கு சார். அந்தப் பக்கத்தை எழுதினவருக்கு வீட்டு வாடகை யாரு கட்டினாங்க?”

அதன் பிறகு நான் நெறி பேசுவதை விட்டேன். எனக்கு உண்மையில் தெரிந்தது நெறி அல்ல, நடைமுறை. பணிக்காலத்தில் நான் கற்ற வித்தை ஒன்றே ஒன்று: பிடிக்காத உத்தரவை மீறாமல், அதை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றுவது. ஓர் உத்தரவைக் கொல்ல அதைவிட உத்தமமான வழியை அரசாங்கம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. எச்.ஆர். தலைவர் அந்த வேலையை எழுதி அவருக்கு அனுப்பியிருந்த மின்னஞ்சலை வாங்கி நிதானமாகப் படித்தேன். ‘இரவல் வாங்கியவர்கள்’ என்று இருந்தது. ‘படித்தவர்கள்’ என்று இல்லை.

“ஏம்மா, ரெஃபரன்ஸ் அலமாரியில இருக்குற அகராதியை யாருக்காவது வீட்டுக்குக் குடுப்பீங்களா?”

“அது எப்படி சார் குடுக்குறது? ரெஃபரன்ஸ் புக் வெளிய போகாது. இங்கயே உக்காந்து...”

நிறுத்தினார். கிழிந்த முதுகுகள் வரிசையாக நின்ற அலமாரியைப் பார்த்தார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆய்வு தொடங்கிய நாளிலிருந்து அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

முறைப்படியே செய்தோம். ‘தேவை மிகுந்த நூல்களை ஒருவரே நெடுநாள் வைத்திருப்பதைத் தவிர்க்கவும், வளங்களின் உச்சப் பயன்பாட்டை உறுதிசெய்யவும், கீழ்க்கண்டவற்றைக் குறிப்புதவி நூல்களாக மாற்ற ஒப்புதல் வேண்டப்படுகிறது’ என்று ஒரு குறிப்பை நான் ஆங்கிலத்தில் எழுதினேன். உச்சப் பயன்பாடு என்ற சொல்லைக் கண்டால் எச்.ஆர். தலைவரின் கை தானாகக் கையெழுத்துக்குப் போகும் என்பதை அவதானித்து வைத்திருந்தேன். என் அவதானிப்புகளில் செல்லுபடியான ஒன்று அதுதான். கையெழுத்தானது. நூலகர் ஒவ்வொரு புத்தகத்திலும் ‘வெளியே தரலாகாது’ என்ற சிவப்பு முத்திரையைப் பளீரென்று குத்தினார்.

முதல் வெள்ளிக்கிழமை அறிக்கை போனது: இந்த வாரம் யாரும் இல்லை. இரண்டாவது வெள்ளிக்கிழமையும் அதே. அறை நிரம்பத் தொடங்கியது. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்தவர்கள் இப்போது இங்கேயே உட்கார்ந்தார்கள். தூங்க வந்தவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. தொலைபேச வந்தவர்களைப் படிக்கிறவர்கள் முறைத்து வெளியே அனுப்பினார்கள். ‘அமைதி காக்கவும்’ என்ற பலகைக்கு வாழ்க்கையில் முதல்முறையாக வேலை வந்தது.

ஒருவரைத்தான் நாங்கள் கணக்கில் கொள்ளவில்லை. கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண், மென்பொருளைச் சோதிக்கும் பிரிவில் வேலை. கைக்குழந்தை. கணவருக்குச் சென்னையில் வேலை. தானும் சென்னையில் ஒரு வேலை பிடித்துவிட வேண்டும் என்று வாரத்துக்கொரு புத்தகமாக எடுத்துப் போய்க்கொண்டிருந்தவர். ஒரு மாலை அறைக்குள் வந்து முத்திரையைப் பார்த்துவிட்டு நின்றார்.

“அக்கா, என்னங்க்கா இது? ஆறு மணிக்கு கேப் கெளம்பிருமுங்க. பாப்பா கிரெச்சுல இருக்கா. இங்க உக்காந்து நான் எப்படிங்க படிக்கிறது?”

யாரைக் காப்பாற்ற இந்த ஏற்பாடோ, அவர்களில் மிகவும் காப்பாற்றப்பட வேண்டியவருக்குக் கதவு அடைத்திருந்தது. மாதிரிக்குள் அகப்படாத ஒருவர் எப்போதும் இருப்பார் என்று பாடம் எச்சரிக்கும். அவர் நேரில் வந்து நின்று கேள்வி கேட்பார் என்று எச்சரிப்பதில்லை.

நூலகர் யோசிக்கவில்லை. புத்தகத்தை எடுத்து அந்தப் பெண்ணின் டிபன் பையில் வைத்தார்.

“கொண்டு போ. திங்கக்கிழமை வந்துடணும்.”

“கார்டு வேணுமுங்களா அக்கா?”

“ஒண்ணும் நக்கோ. நீ ஓடு, கேப் போயிடும்.”

பதிவில்லாமல் ஒரு புத்தகம் நூலகத்தை விட்டு வெளியே போவதை என் வாழ்நாளில் நான் கண்டதில்லை. அந்தப் பெண் போனதும் கேட்டேன்.

“பதிவே இல்லாம குடுத்துட்டீங்களே. திரும்பி வரலைன்னா? இருப்புச் சரிபார்ப்பில உங்க தலையிலதான் விழும். நிரந்தரம் ஆகுற நேரத்துல.”

“பதிவு போட்டாதான் சார் விழும், அவ தலையில. எனக்கு அவ மூஞ்சி தெரியும். போதும்.”

திங்கட்கிழமை புத்தகம் வந்தது. ஓரத்தில் பிஸ்கட் தூளும் ஒரு பால் கறையும் இருந்தன. அதற்குப் பிறகும் வேறு சிலருக்கு அவர் அப்படிக் கொடுத்தார், பலருக்குக் கொடுக்கவில்லை. யாருக்கு, ஏன் என்று நான் கேட்கவில்லை. அது அவருடைய மாதிரி எடுக்கும் முறை. எந்தப் பாடநூலிலும் இல்லாதது. எனக்குத் தெரிந்து ஒரு தடவையும் பொய்க்காதது.

என் ஆய்வுக் காலம் முடியும் நேரம் வந்தது. எச்.ஆர். தலைவர் மேலிடத்துக்குக் காட்டுவதற்கு ஒரு விளக்கக்காட்சி தயாரித்து எனக்குப் போட்டுக் காட்டினார். இரவல் கோடு செங்குத்தாகச் சரிந்து தரையைத் தொட்டிருந்தது. ‘தலையீட்டின் வெற்றி’ என்று தலைப்பு. வெளியேறும் எண்ணத்தோடு படிப்பது முற்றிலும் நின்றுவிட்டதாம். அடுத்த பக்கத்தில் அறைக்கு வருகிறவர்களின் கோடு மேலே ஏறியது. ‘ஊழியர் ஈடுபாடு’ என்று அதற்குப் பெயர். ஒரே ஜனங்கள், ஒரே புத்தகங்கள், ஒரே நாற்காலி. முதல் பக்கத்தில் நோய் தீர்ந்திருந்தது, இரண்டாம் பக்கத்தில் ஆரோக்கியம் பெருகியிருந்தது.

“ராஜினாமா குறைஞ்சிருக்கா?” என்று கேட்டேன்.

“அது மார்க்கெட் கண்டிஷன் சார். அதை இதுல கலக்கக்கூடாது.”

கோடுகள் சேர்ந்து ஏறினால் காரணம், சேராமல் போனால் சந்தை நிலவரம். இந்த முறையியலை எந்தப் பல்கலைக்கழகத்தில் கற்றார் என்று தெரிந்தால் நானும் போய்ச் சேர்ந்திருப்பேன்.

அறிக்கையை நான் எழுதிக் கையெழுத்திட வேண்டும். எழுதினேன். ஆய்வறிக்கைகளில் ‘வரம்புகள்’ என்று ஒரு பகுதி உண்டு. ஆராய்ச்சியாளர்கள் உண்மையைப் புதைக்கும் இடம். அதில் ஒரே ஒரு வரி எழுதினேன்: இரவல் எண்ணிக்கை, புத்தகம் அறையை விட்டு வெளியே போனதை மட்டுமே காட்டும், படிக்கப்பட்டதைக் காட்டாது, மேற்படி நூல்கள் வெளியே தரப்படாதவை ஆக்கப்பட்டதால் எண்ணிக்கை இல்லாமற்போனது. சொல்லவேண்டியதைச் சொல்லியாகிவிட்டது என்று பேனாவை மூடினேன். தட்டச்சைச் சரிபார்க்க நூலகரிடம் கொடுத்தேன். அவர் கடைசிப் பக்கம்வரை படித்தார். என் அறிக்கைகளை அப்படிப் படித்தவர் அவருக்கு முன் யாரும் இல்லை.

“சார், இந்த வரி எதுக்கு?”

“உண்மைம்மா அது.”

“உண்மைதான். ஆர்டர் இன்னும் என் கைக்கு வரலை. இதை யாராவது படிச்சா?”

“வரம்புகள் பகுதியை யாரும் படிக்க மாட்டாங்க.”

“நான் படிச்சேன் இல்ல?” என்றார். பிறகு கோபமில்லாமல், ஏறக்குறைய அன்பாகவே சொன்னார்: “உங்களுக்குப் பென்ஷன் இருக்கு சார். நீங்க உண்மை எழுதலாம்.”

வீட்டுக்குப் போகும் வழியில், பேகம்பேட் நெரிசலில் கார் நின்றிருந்தபோது அதைப் பற்றி யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது. மறுநாள் வந்து அந்த வரியை அங்கிருந்து எடுத்தேன். பின்னிணைப்புகளில், வினாநிரலின் மாதிரிப் படிவத்துக்கும் அலமாரிகளின் அளவு விவரத்துக்கும் நடுவே ஒரு தனித்தாளில் வைத்தேன். உண்மையை நீக்கவில்லை. வேறு அலமாரிக்கு மாற்றினேன், அவ்வளவுதான். நூலகர்கள் பொதுவாகச் செய்யக்கூடியதும் அவ்வளவுதான்.

ஒப்படைக்கும் நாளில் நூலகரும் உடன் வந்தார். எச்.ஆர். தலைவர் அறிக்கையைப் புரட்டினார். முன்னுரையைத் தாண்டினார், முறையியலைத் தாண்டினார், முடிவுகளில் நின்று புன்னகைத்தார். பிறகு, எதற்கென்று தெரியவில்லை, பின்னிணைப்புகளைப் புரட்ட ஆரம்பித்தார். அந்தத் தாள் வந்ததும் விரல் நின்றது. குனிந்து பார்த்தார். என் பக்கத்தில் நூலகர் மூச்சு விடுவதை நிறுத்தியிருந்தார்.

“சார்.”

“சொல்லுங்க.”

“இந்தப் பேஜ்ல ஃபாண்ட் வேற மாதிரி இருக்கு. மாத்திடுங்க.”

மாற்றிக் கொடுத்தேன்.

நிரந்தரப் பணி ஆணை அடுத்த மாதம் வந்தது. நூலகர் அறையிலிருந்தே எனக்குத் தொலைபேசியில் சொன்னார். அவர் பின்னால் ஒரே இரைச்சல், யாரோ யாரையோ தெலுங்கில் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

“கையில வந்துடுச்சு சார். பெர்மனன்ட். படிச்சுக் காட்டவா?”

“காட்டுங்க.”

“ஒரு நிமிஷம் சார். இங்க ரெண்டு பேரு ஒரு நாற்காலிக்குச் சண்டை போட்டுக்குறாங்க. பிரிச்சு விட்டுட்டு வந்துடறேன்.”